நடுவில் நிற்கும் மாணவருக்கு என்ன நடந்தது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் ஓடுவது ஒரே பேச்சுதான்: எந்தக் காலேஜ்? மேற்குப் புறநகரில் கல்லூரிக்குப் பஞ்சம் கிடையாது. அம்பத்தூர்–செங்குன்றம் சாலையில் சூரப்பட்டில் வேலம்மாள், பூந்தமல்லியைத் தாண்டினால் பனிமலர், இன்னும் கொஞ்சம் போனால் தண்டலத்தில் ராஜலட்சுமியும் சவீதாவும், பூந்தமல்லி–ஆவடி சாலையில் எஸ்.ஏ., ஆவடியில் வேல்டெக். பொறியியல் வேண்டாம் என்றால் பட்டாபிராமில் இந்து கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரியின் பெயரிலேயே புறநகர் ரயில் நிலையம் ஒன்று நிற்கிறது. ஆவடி சத்தியமூர்த்தி நகரில் முருகப்பா பாலிடெக்னிக். ஒரு தலைமுறைக்கு முன்பு வீட்டில் இருந்த கவலை 'சீட் கிடைக்குமா' என்பது. இன்று பாஸ் செய்த யாருக்கும் எங்கோ ஒரு சீட் கிடைத்துவிடும். கிடைக்கிறவற்றில் எதை எடுப்பது என்பதில்தான் நான்கு வருடமும் குடும்பத்தின் சேமிப்பும் அடங்கியிருக்கின்றன. அதை முடிவு செய்ய நம் கையில் உள்ள அளவுகோல்கள் மிகவும் பலவீனமானவை என்பது என் கருத்து.

ஜூன் மாதத்தில் சி.டி.எச். ரோட்டிலோ பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ போனால் கண்ணில் படுவது பிளேஸ்மென்ட் போர்டுகள். ஒரு மாணவரின் படம், பக்கத்தில் அவருக்குக் கிடைத்த பேக்கேஜ், கீழே நிறுவனங்களின் லோகோக்கள். அந்த மாணவர் உண்மையானவர், சம்பளமும் உண்மைதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் அந்தப் போர்டு சொல்வது அந்தக் கல்லூரியின் முதல் மாணவரைப் பற்றி. உங்கள் மகனோ மகளோ அங்கே முதல் மாணவராக வருவார் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் பேர் சேரும் இடத்தில் ஒருவர் ஏதோ நடுவில் நிற்கத்தான் அதிக வாய்ப்பு. ஆகவே கல்லூரியைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது: இங்கே நடுவில் நிற்கிற மாணவருக்கு நான்கு வருடம் கழித்து என்ன நடக்கிறது? முதல் மாணவரை எந்தக் கல்லூரியும் காட்டிவிடலாம். நடு மாணவரை முன்னேற்றுவதில்தான் ஒரு கல்லூரியின் உழைப்பு தெரியும்.

இதற்கு விடை காணவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். விடை பெருமளவு பொதுவெளியில் இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016இலிருந்து வெளியாகிறது. எல்லாரும் பார்ப்பது அதில் கல்லூரியின் ரேங்க் என்ன என்பதை மட்டும். அந்த ரேங்க்கில் ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் மற்றவர்கள் அந்த நிறுவனத்தைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயத்துக்கும் மதிப்பெண் உண்டு. இளநிலை மாணவருக்கு அவற்றால் நேரடியாகப் பெரிய பலன் இல்லை. ரேங்க்கை விட முக்கியமானது, அதற்காகக் கல்லூரி கொடுக்கும் தகவல் படிவம். பங்கெடுக்கும் நிறுவனம் அதைத் தன் இணையதளத்திலும் வைத்தாக வேண்டும். அதில் ஓர் அட்டவணை இருக்கும்: முதலாண்டில் எத்தனை இடம், எத்தனை பேர் சேர்ந்தார்கள், இரண்டாம் ஆண்டில் நேரடியாக எத்தனை பேர், குறித்த காலத்துக்குள் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு, வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு. சம்பள வரிசைப்படி எல்லாரையும் நிற்க வைத்தால் நட்டநடுவில் நிற்பவர் வாங்குவதுதான் இடைநிலைச் சம்பளம். யாரோ ஒருவருக்கு நாற்பது லட்சம் கிடைத்தாலும் இந்த எண் அசையாது. அதனால்தான் இது போர்டில் வருவதே இல்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கல்லூரியில் 600 பேர் சேர்கிறார்கள். நான்கே வருடத்தில் அரியர் இல்லாமல் வெளியே வருவது 400 பேர். அவர்களில் 250 பேருக்கு வேலை, 30 பேர் மேற்படிப்பு. வேலை பெற்றவர்களின் இடைநிலைச் சம்பளம் 3.6 லட்சம். கல்லூரியின் விளம்பரத்தில் இது எப்படி வேண்டுமானாலும் அழகாக வரும். தகுதியுள்ளவர்களில் இத்தனை சதவீதம் என்பார்கள். ஒரே மாணவர் வாங்கிய மூன்று ஆஃபர்களை மூன்றாக எண்ணினால் எண்ணிக்கை இன்னும் ஏறும். நம் கேள்விக்கு வருவோம். சேர்ந்த 600 பேரில் நடுவில் நிற்பவர் 300ஆவது ஆள். வேலையும் மேற்படிப்பும் சேர்த்தாலே 280தான். அப்படியானால் இந்தக் கல்லூரியின் நடு மாணவர் பட்டத்தோடும் வேலையோடும் குறித்த நேரத்தில் வெளியே வரவில்லை. 3.6 லட்சம் என்ற எண் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. இந்தக் கழித்தல் கணக்கைச் செய்ய ஒரு செல்போனும் பத்து நிமிடமும் போதும். உங்கள் பட்டியலில் உள்ள கல்லூரி ஒவ்வொன்றுக்கும், மூன்று வருட எண்களை வைத்து, இதைச் செய்யுங்கள்.

'அண்ணா பல்கலைக்கழகமே பாஸ் பர்சன்டேஜ் வெளியிடுகிறதே, அது போதாதா?' என்று கேட்கலாம். நல்ல தகவல்தான். இணைப்புக் கல்லூரிகளுக்கு வினாத்தாள் ஒன்று, திருத்துவது பொது, ஆகவே ஒப்பிடலாம். ஆனால் நம் பகுதியில் அதன் பயன் குறைவு. வேலம்மாள், பனிமலர், ராஜலட்சுமி, சவீதா பொறியியல் கல்லூரி ஆகிய பெயர்பெற்ற கல்லூரிகள் இப்போது தன்னாட்சி பெற்றவை. தன்னாட்சிக் கல்லூரி தானே பாடத்திட்டம் வகுத்து, தானே தேர்வு நடத்தும். புதிய பாடங்களை வேகமாகக் கொண்டுவர அது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் தானே கேள்வி கேட்டுத் தானே மதிப்பெண் போடும் இடத்தின் தேர்ச்சி விகிதத்தை இன்னொரு கல்லூரியோடு ஒப்பிட முடியாது. அங்கே நமக்கு மிஞ்சுவது வெளியுலகம் கொடுக்கும் மதிப்பெண்தான்: வேலை கொடுத்தவர்கள், மேற்படிப்புக்கு எடுத்த பல்கலைக்கழகங்கள், கேட் போன்ற பொதுத் தேர்வுகள்.

ஒப்பிட முடிகிற இடத்திலும் தேர்ச்சி விகிதத்தைத் தனியாகப் பார்ப்பது தவறு. பொறியியல் கட்-ஆஃப் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50. கவுன்சலிங் இணையதளத்தில் போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு எந்தக் கட்-ஆஃப் வரை இடம் போனது என்பது கிடைக்கும். தேர்ச்சி விகிதத்தையும் இந்தக் கட்-ஆஃபையும் சேர்த்துப் படியுங்கள். 190க்கு மேல் உள்ளவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு 90 சதவீதம் தேர்ச்சி காட்டுவதில் கல்லூரியின் பங்கு எவ்வளவு, பிள்ளைகள் பள்ளியிலிருந்தே கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. 130, 140 கட்-ஆஃப் உள்ளவர்களைச் சேர்த்து எழுபது சதவீதம் பேரைத் தேற்றும் கல்லூரி இருந்தால், அங்கே யாரோ உட்கார்ந்து பாடம் நடத்துகிறார்கள். நடுத்தர மதிப்பெண்ணோடு நிற்கிற பிள்ளைக்கு அதுதான் தங்கமான இடம். அந்தக் கல்லூரியின் பெயரைச் சொந்தக்காரர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

இந்த எண்களையெல்லாம் கல்லூரிகளே கொடுக்கின்றன, எப்படி நம்புவது என்பது வலுவான மறுப்பு. அதை லேசாக ஒதுக்கிவிடக் கூடாது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளின் ஆசிரியர் பட்டியலை அலசியது. 224 கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே நேரத்தில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள் என்று வெளியிட்டது. முறைகேடு நடந்ததைப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டு விசாரணைக்குப் போனது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்து நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு உயர்ந்த தரம் தர லஞ்சம் வாங்கியதாக, கல்லூரிகளுக்குத் தரச் சான்று வழங்கும் நாக் அமைப்பின் ஆய்வுக்குழு உறுப்பினர்களை சி.பி.ஐ. கைது செய்தது. முத்திரைகளை அப்படியே நம்ப முடியாது என்பதற்கு இவ்விரண்டும் போதும். ஆனால் இவற்றிலிருந்து 'எந்தத் தகவலும் வேண்டாம், மனசுக்குப் பட்டதைச் செய்வோம்' என்ற முடிவுக்குப் போவது தப்பு. அறப்போர் இயக்கத்தின் கண்டுபிடிப்பு எப்படி வந்தது என்று பாருங்கள்: கல்லூரிகள் கொடுத்து, பொதுவில் கிடந்த பட்டியலை ஒன்றோடொன்று ஒப்பிட்டதில்தான் வந்தது. எழுத்தில் கொடுத்த பொய் என்றைக்காவது மாட்டிக்கொள்ளும். ஃபிளெக்ஸ் போர்டுக்கு அந்த ஆபத்து கிடையாது. மூன்று வருட எண்களை வரிசையாக வைத்தாலே முரண் தெரியும். பட்டம் முடித்தவர்களை விட வேலை பெற்றவர்கள் அதிகமாக இருந்தால், ஒரே வருடத்தில் இடைநிலைச் சம்பளம் இரட்டிப்பானால், கேள்வி கேளுங்கள். அதோடு, ஒரு சாதாரண வேலைநாளில், கல்லூரி விடும் நேரத்தில் வாசலில் போய் நில்லுங்கள். அட்மிஷன் அலுவலகத்தில் கேட்க வேண்டாம். மூன்றாம் வருட மாணவர் நாலு பேரிடம், 'உங்களுக்கு இந்த செமஸ்டரில் யார் யார் பாடம் எடுக்கிறார்கள், நடுவில் எத்தனை பேர் மாறினார்கள், லேபில் உங்கள் கையால் செய்தீர்களா, ரெக்கார்டு மட்டும் எழுதினீர்களா' என்று கேளுங்கள். படிவத்தில் உள்ள எண்ணும் இந்தப் பதிலும் ஒத்துப்போகிறதா என்பதுதான் உண்மையான ஆய்வு.

பழைய எண்களைப் படிக்கும்போது இன்னொரு எச்சரிக்கையும் தேவை. ஒரு பிரிவில் இத்தனை இடத்துக்கு மேல் கூடாது என்ற உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ., 2024–25 கல்வியாண்டிலிருந்து நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு நீக்கிவிட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸும் அதன் கிளைகளும் பல கல்லூரிகளில் வீங்கிவிட்டன. மெக்கானிக்கல், சிவில் இடங்கள் குறைந்தன. இன்று நீங்கள் பார்க்கும் வேலைவாய்ப்பு எண்கள் நான்கைந்து வருடங்களுக்கு முன்பு சேர்ந்தவர்களுடையவை. அப்போது அந்தத் துறையில் வருடத்துக்கு 120 பேர் இருந்திருக்கலாம். உங்கள் பிள்ளை சேரும்போது 600 பேர் இருக்கலாம். 120 பேருக்கு நல்ல வேலை வாங்கித் தந்த துறை 600 பேருக்கும் வாங்கித் தரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இன்னும் உருவாகவில்லை. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. வருடத்துக்கு 600 என்றால் நான்கு வருடத்துக்கு 2400 மாணவர்கள், 120 ஆசிரியர்கள் வேண்டும். கல்லூரியின் இணையதளத்தில் துறை ஆசிரியர் பட்டியலை எண்ணிப் பாருங்கள். 'காலேஜா, கோர்ஸா, எது முதலில்?' என்று வருடா வருடம் நடக்கும் விவாதத்துக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது: இந்தக் கல்லூரியின் இந்தத் துறை என்று இரண்டையும் சேர்த்தே எடைபோடுங்கள். ஒரே வளாகத்தில் ஒரு துறை உயிரோடும் அடுத்த துறை பெயரளவிலும் இருப்பது சகஜம்.

'நிறுவனங்கள் பெயரைப் பார்த்துத்தானே கேம்பஸுக்கு வருகின்றன?' வருகின்றன. பெயருக்கு அந்தப் பலம் உண்மையிலேயே இருந்தால் அது அட்டவணையில் வேலை பெற்றவர் எண்ணிக்கையாகத் தெரியும். தெரியாவிட்டால் அந்தப் பெயர் பழைய பெயர். 'படிக்கிற பிள்ளை எங்கே போட்டாலும் படிக்கும்' என்பது அடுத்தது. தானே எழுந்து தானே படிக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு எந்தக் கல்லூரியும் பெரிய தடையாகாது. ஆனால் பதினேழு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் சுற்றியிருப்பவர்களின் தாளத்துக்கே நடப்பார்கள். முதல் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் விழும்போது கூப்பிட்டுப் பேசும் ஆசிரியர் இருக்கும் இடமும், அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள் என்று விட்டுவிடும் இடமும் ஒரே பிள்ளையை இரண்டு வேறு ஆட்களாக வெளியே அனுப்பும். இந்தப் பழமொழியைச் சொல்கிறவர்கள் பொறுப்பிலிருந்து கல்லூரியை விடுவித்து, முழுப் பாரத்தையும் பிள்ளையின் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

தூரத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. காலையில் கல்லூரிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பலரும் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் போகிறவர்கள். நாளுக்கு மூன்று மணி, வருடத்துக்கு 180 வேலைநாள் என்றால் 540 மணி. நான்கு வருடத்தில் 2160 மணி. ஒரு செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு வகுப்பில் ஏறக்குறைய 60 மணி நேரம்தான். அப்படிப் பார்த்தால் 36 பாடங்களின் வகுப்பு நேரம் சாலையில் போகிறது. நடு மாணவருக்கு அந்த நேரம்தான் உயிர்நாடி. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் தொடும் தெம்பு மிஞ்சுகிறதா என்பதில் அரியரின் தலைவிதி இருக்கிறது. இரண்டு கல்லூரிகளின் எண்கள் நெருக்கமாக இருந்தால் பக்கத்தில் உள்ளதை எடுங்கள் என்பேன். ஆனால் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காக, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, கிடைத்த நல்ல இடத்தை விடச் சொல்வதை ஏற்க முடியாது. திருமுல்லைவாயிலிலிருந்து ரயிலேறி நகரத்துக்குப் போய் ராணி மேரியிலோ காயிதே மில்லத்திலோ படிக்கும் பெண்ணுக்கு அந்தப் பயணம் வீண் இல்லை. அரசுக் கல்லூரியின் கட்டணம் சொற்பம், சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்து பெண்களுக்கு இலவசம், அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வேறு. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் படிக்கவும் செய்யலாம்; மூன்று பஸ் மாறும் பயணத்தில் அது நடக்காது. கிலோமீட்டரைப் பார்க்காமல் வாகனத்தையும் நேரத்தையும் பாருங்கள்.

பணக்கணக்கில் ஒரு குழப்பத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பகுதியில் அது அதிகம். ஒரே பெயரில் இரண்டு வகை நிறுவனங்கள் இருக்கின்றன. வேல்டெக் என்ற பெயரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் உண்டு; அண்ணா பல்கலையோடு இணைந்த வேல்டெக் ஹைடெக், வேல்டெக் மல்டிடெக் கல்லூரிகளும் உண்டு. சவீதாவிலும் அப்படியே: சிமாட்ஸ் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வேறு, சவீதா பொறியியல் கல்லூரி வேறு. நிகர்நிலையில் சேர்க்கையும் கட்டணமும் அவர்களுடையவை. கவுன்சலிங் வழியாக வந்தால் கட்டணக் குழு நிர்ணயித்த தொகை. 2017இல் அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு வருடம் 55,000 ரூபாய் என்றும் மேனேஜ்மென்ட் இடத்துக்கு 87,000 என்றும் வைத்தார்கள். முதல் பட்டதாரிச் சலுகையும், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே கட்டணத்தை ஏற்பதும் கவுன்சலிங் வழியே வருகிறவர்களுக்குத்தான். பெயர் தெரிந்த வாசல் எது என்பதை விட, எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பது குடும்பத்தின் கடன் சுமையைத் தீர்மானிக்கிறது. கடனின் மாதத் தவணையை இடைநிலைச் சம்பளத்தின் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களின் தொடக்கச் சம்பளம் பல வருடங்களாக மூன்றிலிருந்து நான்கு லட்சத்துக்குள் நின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சம்பளத்துக்காகப் பத்துப் பதினைந்து லட்சம் செலவழிப்பது எந்த விதத்திலும் நியாயமாகாது.

பட்டியலில் பொறியியல் மட்டுமே இருக்க வேண்டுமென்றும் இல்லை. இந்தப் பகுதி தொழிற்சாலைகளால் வளர்ந்த பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டை, பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, ஆவடியில் டாங்கி செய்யும் எச்.வி.எஃப்., அதன் பக்கத்தில் சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம். இயந்திரத்தில் மனம் உள்ள பிள்ளை டிப்ளமோ முடித்து, அப்ரண்டிஸாகக் கையைப் பழக்கி, பிறகு நேரடியாக இரண்டாம் வருட பி.இ.யில் சேரலாம், அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. டிப்ளமோ என்றால் மதிப்புக் குறைவு என்கிறார்கள். வாடிக்கையாக அரியரோடு நிற்கும் ஒரு பட்டத்துக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. கல்லூரிக்காரர்களிடமும் இதைக் கேளுங்கள்: பக்கத்தில் இத்தனை ஆலைகள் இருக்கின்றனவே, போன வருடம் உங்கள் இறுதியாண்டு மாணவர்களில் எத்தனை பேர் அவற்றுக்குள் போய் புராஜெக்ட் செய்தார்கள்? அந்தப் பதிலில் துறையின் உயிர் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையின் அப்பா, தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வருகிறவர், என்.ஐ.ஆர்.எஃப். படிவத்தைத் தேடி உட்காருவாரா என்று கேட்டால், மாட்டார். இந்த மறுப்புக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பள்ளிகளில் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சி நடத்துகிறார்கள், கவுன்சலிங்குக்கு உதவி மையங்கள் இருக்கின்றன. அவை என்ன படிக்கலாம் என்பதையும் எப்படி விண்ணப்பிப்பது என்பதையும் சொல்கின்றன, எந்தக் கல்லூரி என்ன செய்திருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. கவுன்சலிங்கை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். சாய்ஸ் கொடுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு கோடு எண்ணும் பெயரும் ஏற்கெனவே வருகின்றன. அதே வரியில் நான்கு எண்களைச் சேர்க்கட்டும்: நான்கு வருடங்களுக்கு முன்பு இந்தத் துறையில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், நேரத்தோடு முடித்தவர்கள் எத்தனை பேர், வேலைக்கோ மேற்படிப்புக்கோ போனவர்கள் எத்தனை பேர், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு. கொடுக்க மறுக்கும் கல்லூரிக்கு அந்தக் கட்டங்களைக் காலியாகவே விடட்டும். அடுத்த கவுன்சலிங்குக்குள் இதைச் செய்யும்படி இயக்ககத்தைப் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். அது வரும் வரை, பள்ளியில் கணினி ஆசிரியரோ, பக்கத்து வீட்டில் கல்லூரி முடித்த அக்காவோ அண்ணனோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கழித்தல் கணக்கைப் போட்டுக் கொடுக்கலாம்.